மூக்கு அறுவைக்குப் பின்: கேள்வித்தாளா, கருவியா?

மூக்கின் வளைந்த நடுச்சுவரை நேராக்கியாயிற்று. சரி, மூச்சு எவ்வளவு தேறியிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

ஒன்று, 'நோஸ்' கேள்வித்தாள். ஐந்தே கேள்விகள்: மூக்கில் இறுக்கம், அடைப்பு, மூச்சுவிடச் சிரமம், தூக்கக் கெடுதல், உடற்பயிற்சியின்போது காற்று போதாமை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி 5-ஆல் பெருக்கினால் 100-க்கு இவ்வளவு என்று வரும். எண் கூடினால் சிரமம் கூடுதல். கடந்த ஒரு மாதத்தைக் கேட்பதால் ஒருநாள் சளி கணக்கைப் பெரிதாகக் குலைக்காது.

இன்னொன்று, ரைனோமானோமெட்ரி. காற்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து எந்தப் பக்கம் எவ்வளவு தடை என்று காட்டும். ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கின் ஒரு பக்கம் தானாகவே வீங்கி மறுபக்கம் திறந்துகொள்ளும். அதனால் வீக்கம் வற்றும் மருந்து விட்டும் ஒருமுறை அளப்பார்கள்.

இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. மெந்தால் முகர்ந்தால் மூக்கு சட்டெனத் திறந்தது போலிருக்கும்; கருவியில் தடை அப்படியே நிற்கும். நாம் உணர்வது பெரும்பாலும் உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியைத்தான்.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் கேள்வித்தாளையே எடுப்பேன். சிகிச்சைக்கு வந்ததே அந்தச் சிரமத்துக்காகத்தானே. ஆனால் அறுவைக்கு முன்பே ஒருமுறை நிரப்பி வைத்துவிட வேண்டும்.