ஒரே பெயரில் இரண்டு கத்தி: ஹார்டுவேர் கடையின் பழைய ஸ்டாக்கா, இன்றைய தயாரிப்பா?

அமெரிக்கச் சிற்றூர்களில் இன்னும் மூடாமல் இருக்கும் பழைய ஹார்டுவேர் கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்தில் பூட்டு போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே மடக்குக் கத்திகள். அதில் 'ஓல்டு டைமர்' என்று பெயர் போட்ட இரண்டு கத்திகள் அடுத்தடுத்துக் கிடக்கலாம். ஒரே வடிவம், ஒரே பழுப்புப் பிடி, இரண்டிலும் மூன்று அலகு. ஆனால் ஒன்று 2004-க்கு முன் நியூயார்க் மாநிலத்தில் செய்தது, இன்னொன்று அதற்குப் பிறகு சீனாவில் செய்தது. நான் பழையதைத் தேடிப் பிடித்து வாங்கினேன். புதியதும் வீட்டில் புழங்குகிறது. இரண்டிலும் கை பழகியதால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டி முடித்ததும் கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் பழையதை வாங்குங்கள்.

உற்பத்தி நின்றுபோன கத்தி இத்தனை வருடம் கழித்தும் கடையில் எப்படிக் கிடக்கிறது என்று கேட்கலாம். ஓல்டு டைமரைச் செய்த ஷ்ரேடு நிறுவனம் 1904-ல் நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்ற ஊரில் தொடங்கி, பிறகு அதே மாநிலத்தில் உள்ள எலன்வில்லுக்கு மாறியது. 2004 ஜூலையில் ஆலையை மூடினார்கள். பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டு, உற்பத்தியைச் சீனாவில் வைத்துக்கொண்டது. அதே மாநிலத்தின் கமிலஸ் கத்தி ஆலை 2007-லும், பென்சில்வேனியாவின் குயின் கத்தி ஆலை 2018-லும் மூடின. ஆலை மூடினாலும் கடைக்குப் போன சரக்கு கடையில்தான் இருக்கும். ஆணியும் பெயின்டும் ஓடுகிற வேகத்தில் மடக்குக் கத்தி ஓடாது. மெதுவாக விற்கும் பொருளைப் பெரிய கடைகள் தள்ளுபடி போட்டுத் தீர்த்துவிடும். பழைய கடைக்காரர் அதைப் பெட்டியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, புது சரக்கை முன்னால் வைப்பார். நாம் பார்க்க வேண்டியது அந்தப் பின்வரிசையைத்தான்.

எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அலகைத் திறந்து, பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். ஷ்ரேடு, யு.எஸ்.ஏ., கூடவே 34ஓடி (34OT), 8ஓடி (8OT) போன்ற மாடல் எண் இருந்தால் பழையது. 'ஷ்ரேடு வால்டன்' என்று இருந்தால் இன்னும் பழையது, 1970களின் தொடக்கத்தையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்தது. பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் அது பழைய காலத்து ஸ்டெயின்லெஸ். நான் இங்கே சொல்லப்போகிற விஷயம் அதற்குப் பொருந்தாது. கேஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் கத்தி என்றால் வேலை இன்னும் எளிது. 1970-ல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973. அட்டைப் பெட்டியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடையில் பெட்டிகள் மாறிப்போவது சாதாரணம்.

அளவு, எடை, தோற்றம் மூன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டின் பிடியும் பிளாஸ்டிக்தான். ஒற்றைக் கையால் திறக்க வேண்டும், அலகு லாக் ஆக வேண்டும் என்றால் இரண்டுமே உங்களுக்கானவை அல்ல. இன்றைய லாக் கத்தி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நான் வாதாட மாட்டேன்.

என்னைப் பழையதன் பக்கம் சாய்த்தது தீட்டுகிற வேலைதான். பழைய ஓல்டு டைமரின் அலகு பெரும்பாலும் 1095 கார்பன் எஃகு. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் கரியின் (கார்பன்) அளவைச் சொல்கிறது, சுமார் 0.95 சதவீதம். குரோமியம் சேர்ப்பதில்லை. இப்போதைய தயாரிப்புகளில் பெரும்பாலும் 7சிஆர்17எம்ஓவி என்ற ஸ்டெயின்லெஸ் வருகிறது. அதில் கரி சுமார் 0.7 சதவீதம், குரோமியம் 17 சதவீதத்தை ஒட்டி. துருப்பிடிக்காமல் காப்பாற்றுவது அந்தக் குரோமியம்தான். அதே குரோமியம் கரியோடு சேர்ந்து எஃகுக்குள் கெட்டியான துகள்களை உண்டாக்குகிறது. சாதாரணக் கல்லில் தேய்க்கும்போது அந்தத் துகள்கள் கல்லை எதிர்த்து நிற்கும். 1095-ல் அந்தத் தொல்லை இல்லை. கல் தொட்ட இடமெல்லாம் எஃகு ஒரே சீராகக் கரைந்து வரும்.

கையில் இது எப்படித் தெரிகிறது என்றால், பிசிறில். அலகின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாக நகர்த்தினால் அது தட்டுப்படும். அந்தப் பிசிறை உதிர்த்தால்தான் கத்திக்குப் பதம் வரும். 1095-ல் இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். ஸ்டெயின்லெஸில் அது உதிராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மடங்கிக்கொண்டே இருக்கும். தீட்டி முடித்தோம் என்று நினைத்து ஒரு காகிதத்தை அறுத்தால், மடங்கிய பிசிறுதான் அறுக்கும். இரண்டு அட்டைப் பெட்டியைக் கிழித்ததும் கூர் போன மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே கூர் வந்திருக்கவே இல்லை. வைரத்தூள் பதித்த தீட்டும் தகடும் பொறுமையும் இருந்தால் ஸ்டெயின்லெஸையும் நன்றாகத் தீட்டலாம். ஆனால் சட்டைப்பை கத்தியை வைத்திருப்பவர் எல்லோரும் வைரத் தகடு வைத்திருப்பதில்லை. சமையலறையில் கிடக்கும் ஒரு சாதாரணக் கல்லிலேயே பழைய கத்தி பதத்துக்கு வந்துவிடுகிறது. சுலபமாகத் தீட்ட முடிகிற கத்தியை அடிக்கடி தீட்டுவோம், அதனால் அது எப்போதும் கூராகவே இருக்கும். எனக்கு இது மற்ற எல்லாக் குறையையும் ஈடுகட்டிவிட்டது.

இதனால் பழைய எஃகுதான் உசத்தி என்று ஆகிவிடாது. கூர் நிலைத்து நிற்பதை மட்டும் பார்த்தால், உலோகப் பொடியிலிருந்து செய்யும் இன்றைய விலை உயர்ந்த பவுடர் எஃகுகள் 1095-ஐத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. நான் ஒப்பிடுவது ஒரே பெயரில், ஒரே பெட்டியில் கிடக்கும் இந்த இரண்டை மட்டுமே.

இனி, கார்பன் எஃகுக்குச் செய்ய வேண்டிய ஊழியம். எலுமிச்சையை வெட்டிவிட்டு அப்படியே வைத்தால், சில நிமிடங்களிலேயே அலகில் சாம்பலும் நீலமுமாகத் திட்டு விழும். பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கருமை படியப் படிய செந்துரு ஏறுவது ஓரளவு குறையும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்தக் காப்பும் போய்விடும். கவனிக்க வேண்டியது செந்துருவைத்தான். வெட்டியதும் துடைத்துவிட்டு, அவ்வப்போது ஒரு சொட்டு மினரல் ஆயிலை விரலால் தடவி வைத்தால் போதும். சமையல் எண்ணெய் போடாதீர்கள், அது காய்ந்து பிசுபிசுத்துவிடும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதைப் பதனிட்ட ரசாயனங்கள் எஃகில் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் ஏற்றும். கடலோரத்தில் இருப்பவர்கள், வியர்வையில் சட்டைப்பை நனைகிற வேலையில் இருப்பவர்கள், கத்தியைத் துடைக்க நேரமில்லாதவர்கள் தயங்காமல் புதியதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஸ்டெயின்லெஸ்தான் ஜெயிக்கும்.

பழையதைக் கடையில் கையில் வாங்கியதும் பலர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது ஒரே காரணத்துக்காக: திறக்க வராது. அலகில் உள்ள நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் மடங்கும். ஆலையில் போட்ட எண்ணெய் இருபது, முப்பது வருடத்தில் காய்ந்து பழுப்புப் பிசினாகி, கீலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெந்நீரில் பாத்திர சோப்பைக் கலந்து, கத்தியை அதற்குள்ளேயே திறந்து மூடினால் பழுப்புத் தண்ணீர் கழன்று வரும். உடனே ஈரம் போகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கீலுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டால் அலகு 'டக்' என்று நிற்கும், 'டக்' என்று மூடும். அப்புறம் அலகை அந்தந்த நிலையில் பிடித்து நிறுத்தும் அதன் முதுகு வில் எவ்வளவு திடமானது என்பது புரியும். புதியதன் வில்லும் இப்போது நன்றாகவே இருக்கிறது. இருபது வருடம் கழித்து இரண்டையும் எடை போட்டுச் சொல்லும் அனுபவம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஒட்டிக்கொண்ட கீலை மன்னிக்கலாம், சில விஷயங்களை மன்னிக்கக் கூடாது. அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. தட்டையான பகுதியில் பொட்டுப் பொட்டாகத் துரு இருந்தால் பரவாயில்லை, எண்ணெயும் துணியும் போதும். விளிம்பிலேயே குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், அதை எடுக்க அலகையே தேய்த்துக் குறுக்க வேண்டிவரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முதுகு வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். அதே பெட்டியில் இதைவிடப் பழைய காலத்து செல்லுலாய்டு (ஆரம்ப கால பிளாஸ்டிக்) பிடி போட்ட கத்தி இருந்து, கற்பூர நெடியோ புளிப்பு வாடையோ அடித்தால் கூடுதல் கவனம் வேண்டும். சிதையும் செல்லுலாய்டு வெளியிடும் ஆவி, அதோடு ஒரே டப்பாவில் இருக்கும் மற்ற கத்திகளையும் அரித்துவிடும். ஓல்டு டைமரின் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் பிடியில் அந்தப் பிரச்சினை இல்லை.

பழைய கத்திதான் வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் பலர் கையில் தீட்டப்பட்டு அலகு ஒல்லியாகியிருக்கும், மடக்கி வைத்தால் முனை வெளியே எட்டிப் பார்க்கும். கடையின் பின்வரிசைக் கத்தியில் கல்லே பட்டிருக்காது, எஃகு முழுசாக இருக்கும். அதற்காகவே தேடி அலையலாம்.

உத்தரவாதம் என்று பார்த்தால் புதியது முந்துகிறது. பழையதைச் செய்த ஆலையே இல்லை. வில் முறிந்தால் கத்தி பழுது பார்க்கும் தனி ஆளைத்தான் தேட வேண்டும். மறுவிற்பனையில் நிலைமை தலைகீழ். பழையதைச் சேகரிப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள், ஆனால் கல் படாமல், பெட்டியும் காகிதமும் கூடவே இருந்தால்தான் நல்ல மதிப்பு. ஒருமுறை தீட்டிவிட்டால் அந்த மதிப்பு சட்டென்று இறங்கும். அதனால் கடையிலேயே முடிவு செய்துவிடுங்கள், உபயோகிக்கவா, வைத்திருக்கவா என்று. உபயோகிக்க என்றால், பெட்டி தொலைந்துபோய், அலகில் ஒன்றிரண்டு துருப்பொட்டு விழுந்ததைக் கேளுங்கள். கடைக்காரரும் விலையில் கொஞ்சம் இறங்கி வருவார். நான் எடுத்ததும் அப்படி ஒன்றைத்தான்: 34ஓடி, பெட்டி கிடையாது, பெரிய அலகில் மட்டும் இரண்டு பொட்டு.