பெக் மனச்சோர்வு அளவுகோல் 2: வாங்கலாமா?

பென்சில்வேனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) 1961-இல் வெளியிட்ட வினாத்தாளின் 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் இது. விற்பவர்கள் பியர்சன் நிறுவனத்தார்.

21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். நிரப்ப ஐந்து, பத்து நிமிடம் போதும். மொத்தம் 63. 13 வரை கவலையில்லை, 14–19 லேசானது, 20–28 நடுத்தரம், 29-உம் அதற்கு மேலும் கடுமையானது. பழைய பதிப்பு கடந்த ஒரு வாரத்தைக் கேட்டது, இது இரண்டு வாரம். எடை குறைவது போன்ற கேள்விகளை எடுத்துவிட்டு, படபடப்பு, கவனச்சிதறலைச் சேர்த்தது நல்ல மாற்றம்.

கூட்டும்போது தவறு நேர்வது தூக்கம் (16), பசி (18) இரண்டிலும்தான். அங்கே '0, 1அ, 1ஆ' என்று தொடங்கி '3ஆ' வரை ஏழு விடைகள் இருக்கும். தூக்கமோ பசியோ கூடினாலும் குறைந்தாலும் எண் ஒன்றே. கூடியதா, குறைந்ததா என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியில் இரண்டு விடை குறித்திருந்தால் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். மொத்தம் குறைவாக வந்தாலும் 9-ஆம் கேள்வியை, அதாவது தற்கொலை எண்ணத்தை, அந்த நிமிடமே பார்த்துவிட வேண்டும்.

குறை? நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குச் சோர்வு, தூக்கக் கேள்விகளே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். தாளுக்குத் தாள் காசு வேறு. யாருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று முதற்கட்டமாகக் கண்டறிய மட்டும் என்றால் இலவசமான, ஒன்பதே கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள் போதும். சிகிச்சையில் வாராவாரம் மாற்றத்தைப் பார்க்க இதை வாங்குவதும் வீண். இரண்டு வாரக் கணக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.