மட்டை சென்சார் வாங்கப் போகிறீர்களா? என் 8,400 ரூபாய் போன கதை

மட்டை சென்சார் (பேஸ்பால் மட்டையில் மாட்டினால் அடியை அளந்து போனில் காட்டுவதாகச் சொல்லும் சின்னக் கருவி) விற்ற கடைக்குக் காலையில் போன் செய்தேன். "வித்த பொருளைத் திரும்ப எடுக்கறதில்லைண்ணே" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 8,400 ரூபாய். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த காசு.

பையன் பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறான். (தஞ்சாவூர்ப் பக்கம் பேஸ்பாலா என்று கேட்காத ஆளே இல்லை. பள்ளிப் போட்டிகளில் அதுவும் உண்டு.) ஓங்கித்தான் அடிக்கிறான், பந்து தூரம் போகமாட்டேன் என்கிறது, கை வேறு விண்ணென்று அதிர்கிறது. மட்டையின் நுனியிலிருந்து சுமார் 5 முதல் 7 அங்குலம் உள்ளே தள்ளிப் பந்து பட்டால்தான் அடி முழுசாக இறங்கும். கைப்பிடிப் பக்கம் பட்டால் அதிர்வெல்லாம் கைக்குத்தான். எங்கே படுகிறது என்று தெரிந்தால் நிற்கிற இடத்தையும் வீச்சையும் திருத்திக்கொள்ளலாமே என்று தேடினோம்.

டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைக்காரரே மட்டையின் கைப்பிடி முனையில் இருக்கும் குமிழில் சென்சாரை மாட்டி, தொங்கவிட்ட பந்தை ஒரு தட்டு தட்டினார். போனில் மட்டைப் படம், அதன்மேல் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 92 என்று ஒரு எண். "பந்து எங்க படுதுன்னு புள்ளி வச்சுக் காட்டும்ணே. நம்ம ஊர்ப் புள்ளைங்களும் மேல வரணும்ல?" என்றார். பையன் என் முகத்தைப் பார்த்தான். அங்கேயே ஜிபேயில் 8,400 அனுப்பினேன்.

வீட்டில் எங்கே பட்டாலும் புள்ளி அதே இடம். கை எரிகிறது என்று பையன் மட்டையைக் கீழே போடுகிறான், போன் 92 என்கிறது. பீ.டி. சார்தான் பந்தில் சாக்பீஸைத் தேய்த்து அடிக்கச் சொன்னார். வெள்ளைத் தடம் கைப்பிடிக்குப் பக்கத்தில் விழுந்தது, சிவப்புப் புள்ளியோ நட்டநடுவில். அப்புறம் பந்தே இல்லாமல் காற்றில் வீசச் சொன்னார். அதற்கும் 92!

கடைக்குப் போனால் முதலில் "அப்டேட் வரும்ணே". அடுத்து "முதலாளி சென்னை போயிருக்கார்". அப்புறம் "உங்க மட்டை சரியில்லை, வேற மட்டை எடுத்துப் பாருங்க". அதாவது 8,400 போதாது, இன்னும் கொடு என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை.

என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. குமிழில் மாட்டும் சென்சார்கள் பெரும்பாலும் மட்டையின் வேகத்தையும் கோணத்தையும்தான் கணக்கிடும். பந்து பட்ட இடத்தைக் காட்டும் என்று யாராவது சொன்னால் கடையிலேயே காற்றில் வீசிப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், எனக்குக் கிடைத்தது துண்டுச்சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுத்திருக்கிறேன், ஜிபே ரசீதையும் அந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பியாயிற்று. பந்து படுகிற இடம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சாக்பீஸ் வாங்குங்கள்.