ஊழியத் தலைவர்களுக்கான மூன்று நாள் முகாம்: அந்த ஒரு அமர்வுக்காகவே போகலாம்

மே மாதம் வந்துவிட்டால் ஏற்காடு, கொடைக்கானல் என்று மலைப்பக்கம் எங்கே பார்த்தாலும் கிறிஸ்தவ ஊழியர் முகாம்கள்தான். அப்படி ஒன்றுக்கு எங்கள் சபைக் கமிட்டியிலிருந்து சிலர் போய்வந்தோம். தேவனுக்கேற்ற தலைவனின் குணங்கள் என்பதுதான் பொருள். நடத்திய அமைப்பின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தக் குறைகள் அவர்களிடம் மட்டும் இருப்பவையும் இல்லை. உங்கள் சபையிலிருந்து யாரையாவது அனுப்ப நினைத்தால், பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தங்குமிடம் சுத்தம். சாப்பாடு எளிமை, வயிற்றைக் கெடுக்கவில்லை. கிராமச் சபை ஊழியர்களுக்குக் கட்டணத்தில் நல்ல சலுகை கொடுத்தார்கள், அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

முதல் நாள் காலை முழுக்க வரவேற்பு, அறிமுகம், பொன்னாடை. ஒருவரை அறிமுகப்படுத்த இன்னொருவர், அவரை அறிமுகப்படுத்த வேறொருவர் என்று போய், வேத வசனத்தைத் திறக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அப்புறம் வந்த முக்கியப் பேச்சாளர் தரிசனம், சபை வளர்ச்சி, யூடியூப் சேனல் எப்படி நடத்துவது என்று பேசினார். பேச்சு சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் சபையை மேற்பார்க்கும் கண்காணிக்கு வேண்டியதாக அடுக்குகிற தகுதிகளை எடுத்துப் பாருங்கள், குற்றஞ்சாட்டப்படாதவன், ஜாக்கிரதையுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், பண ஆசையில்லாதவன், சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன் என்று கிட்டத்தட்ட எல்லாமே நடத்தையைப் பற்றியது. திறமை என்று சொல்லக்கூடியது போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் தெரிந்தவன், என்கிற ஒன்றுதான். முகாமிலோ நேர்த்தலைகீழ், திறமைக்குத்தான் நிறைய நேரம், நடத்தைக்கு ஒரே அமர்வு.

அந்த ஒரு அமர்வைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. ஓய்வுபெற்ற ஒரு ஆயர் எடுத்தார். புரொஜெக்டர் கிடையாது, கையில் ஒரு வேதாகமமும் பழைய ரசீது புத்தகமும். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தை எடுத்தார். பன்னிரண்டு வருஷம் யூதாவில் அதிபதியாக இருந்தும் நெகேமியா அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை, தினமும் ஒரு காளையும் ஆறு நல்ல ஆடுகளும் சமைத்து நூற்றைம்பது பேருக்குத் தன் பந்தியில் சாப்பாடு போட்டும் வாங்கவில்லை, ஜனங்கள்மேல் பாரம் கடினமாயிருந்தது என்பதுதான் அவர் சொல்லும் காரணம். "உரிமை இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ஆயர்.

அடுத்து 2 கொரிந்தியர் 8. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணம் பெரிய தொகை. பவுல் அப்போஸ்தலன், அவரைச் சந்தேகப்பட யாருக்குத் தைரியம் வரும்? அப்படியிருந்தும் தீத்துவோடு சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் சேர்த்து அனுப்புகிறார், யாரும் குற்றப்படுத்த இடம் வரக்கூடாது என்று. கர்த்தருக்கு முன்பாக மட்டும் இல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறார். அந்த வசனத்தைப் படித்துவிட்டு ஆயர் நேராகப் போர்டுக்குப் போய் எழுத ஆரம்பித்தார்: காணிக்கையை எண்ணும்போது குறைந்தது இரண்டு பேர், ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது, எண்ணிய இடத்திலேயே கையெழுத்து, போதகர் பணத்தைத் தொடவே கூடாது, செக்கில் இரண்டு கையெழுத்து, வருடக் கணக்கைச் சபையார் முன் வாசிக்க வேண்டும், கேள்வி கேட்டவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது பின்வரிசையில் ஆமென் சத்தம் பலமாக வந்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, நீங்கள் செய்தது சரியில்லை என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல உங்கள் சபையில் யார் இருக்கிறார்கள்?" ஒரு இளம் பாஸ்டர் "என் மனைவி" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். ஆயர் சிரிக்காமல் போர்டில் 'மனைவி' என்று எழுதி, அதற்குக் கீழே 'வேறு யார்?' என்று எழுதினார். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை வைத்தே மிச்ச நேரம் ஓடியது. தாவீது ராஜாவின் பாவத்தை முகத்துக்கு நேராகச் சொல்ல நாத்தான் தீர்க்கதரிசி இருந்தான், மோசேயிடம் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொல்ல மாமனார் எத்திரோ இருந்தார், நம் சுயாதீன சபைகளில் அந்த இடத்தில் யார் என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டபோது பலருக்கு உண்மையிலேயே பதில் இல்லை. தேவனுக்கேற்ற தலைவன் என்று ஒருவரை நான் நம்ப வேண்டுமானால் ஜெபம், பிரசங்கம் எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் பார்ப்பேன், அவரை யாராவது திருத்த முடிகிறதா என்று.

குறைகளுக்கு வருகிறேன். முக்கியப் பேச்சாளருக்குத் தனி அறையில் சாப்பாடு. ஆயரோ தட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு வரிசையில் நின்றார். ஊழியக்காரனாயிருக்கக்கடவன் என்று மாற்கு 10-இல் இயேசு சொன்னதைப் பாடமாக நடத்துகிற இடத்தில் இப்படி இரண்டு பந்தி போடலாமா?

உதாரணங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பெரிய சபைகள். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவராகி, பிறகு தானே தெலுங்கு தேசத்துக்கு மிஷனரியாகப் போய், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையின் நடுவே நின்று எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர் அவர். அதிகாரத்தில் இருப்பவரிடம் அன்போடு உண்மை பேசுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

பெண்களுக்குத் தனியாக 'ஊழியர் மனைவிகள் அமர்வு' என்று ஒன்று வைத்தார்கள், விருந்தோம்பல், பிள்ளை வளர்ப்பு, அவ்வளவுதான். வந்திருந்த சகோதரிகளில் கிராமங்களில் தனியாக ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களும் இருந்தார்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பவுல் பெயர் சொல்லி சிபாரிசு செய்கிறார். டோனாவூரில் எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டபின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தும் அங்கே தாம் தொடங்கிய குழந்தைகள் காப்பக ஊழியத்தை வழிநடத்தினார், கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர்களைப் பற்றி ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

தலைமை அடுத்தவர் கைக்கு எப்படிப் போக வேண்டும் என்பதையும் யாரும் தொடவில்லை. யாருடைய எருதை எடுத்தேன் என்று ஜனங்கள் முன் துணிந்து கேட்கும் அளவுக்குக் கை சுத்தமான சாமுவேலே தன் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்தபோது அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். அப்பாவுக்குப் பின் மகன் என்பது வழக்கமாகிவிட்ட இந்தக் காலத்தில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், ஆயரின் அமர்வுக்கு மட்டும் ஐந்து. பதிவு செய்யும்முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள், கணக்கு வழக்கு, கண்காணிப்பு பற்றி அமர்வு இருக்கிறதா, அதை யார் எடுக்கிறார் என்று பாருங்கள். போதகரை மட்டும் அனுப்பாமல் பொருளாளரையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் சபையில் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடும் முறை திரும்பி வந்த ஞாயிறே ஆரம்பித்துவிட்டது.