மவுஸா, டிராக்பாலா? அழுக்கை வைத்து ஓர் அலசல்

மூன்று வருடமாக என் மேசையில் மவுஸ் கிடையாது. அந்த இடத்தில் டிராக்பால் இருக்கிறது: வைத்த இடத்திலேயே கிடக்கும், மேலே பதித்த உருண்டையைக் கட்டைவிரலால் உருட்டினால் கர்சர் நகரும். பக்க வடிவமைப்பு என் தொழில். நாளுக்கு எட்டு மணி நேரம் கர்சரோடுதான் பிழைப்பு. கீபோர்டுக்குப் பக்கத்தில் மெய்ப்புத் தாள்களைப் பரப்பினால் மவுஸ் நகர இடமே இருக்காது, அதனால்தான் மாறினேன். ஆனால் திரும்பிப் போகாமல் இருப்பதற்குக் காரணம் வேறு.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மவுஸ் விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், கையில் எடுத்ததுமே பழகிவிடும். டிராக்பால் விலை கூட, பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முதல் சில நாள் ஒரு சின்ன பட்டனில் கர்சரை நிறுத்தவே திணறினேன். மணிக்கட்டுக்கு நல்லது என்பார்கள். எனக்கும் வலி குறைந்தது உண்மை. ஆனால் அதே சமயம் நாற்காலியின் உயரத்தையும் மாற்றியிருந்தேன், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வாங்குபவர்கள் யோசிக்க வேண்டியது பராமரிப்பை, குறிப்பாக அழுக்கை. இந்த இரண்டு கருவிகளின் வரலாற்றிலும் அழுக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டில் டிராக்பால்தான் மூத்தது. 1946இல் பிரிட்டிஷ் கடற்படையின் ராடார் பணிக்காக ரால்ஃப் பெஞ்சமின் அதை உருவாக்கினார். ராணுவ ரகசியம் என்பதால் வெளியே தெரியவில்லை. 1952இல் கனடாக் கடற்படையின் டேட்டார் திட்டத்தில் செய்த டிராக்பாலுக்கு, கட்டைகளை உருட்டி வீழ்த்தும் பௌலிங் விளையாட்டின் பந்தையே பயன்படுத்தினார்கள். அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் மவுஸ் வந்தது 1964இல். அவருடைய யோசனையை பில் இங்கிலீஷ் ஒரு மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். அதன் அடியில் பந்து இல்லை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள்தான் இருந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை மேடையில் இயக்கிக் காட்டினார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் 'ரோல்குகல்' என்ற கருவியை அறிவித்திருந்தது. விமானப் போக்குவரத்து ராடார் மேசையில் டிராக்பாலைப் பதிக்க வேண்டுமானால் மேசையில் பெரிய துளை போட வேண்டும். அதைத் தவிர்க்க, ரெய்னர் மல்லேப்ரைன் டிராக்பாலை அப்படியே கவிழ்த்துவிட்டார். பந்து கீழே, கை மேலே. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. அழுக்கு உள்ளே புக வழி திறந்ததும் இங்கேதான். மேலே இருந்தவரை விரல் மட்டும் தொட்ட பந்து, கவிழ்ந்ததும் மேசைத் தூசி மேல் உருளத் தொடங்கியது.

1972இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் பந்து மவுஸ் வந்தது. 1983இல் ஆப்பிள் லிசா, அடுத்த ஆண்டு மெக்கின்டாஷ் என்று அது வீட்டு மேசைவரை வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து டிடிபி சென்டரில் வேலை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: கர்சர் குதிக்க ஆரம்பித்ததும் மவுஸைக் கவிழ்த்து, வளையத்தைத் திருகி, ரப்பர் பந்தை உள்ளங்கையில் கொட்டுவோம். உள்ளே இரண்டு சின்ன உருளைகள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு பிசுக்குப் பட்டை. நகத்தால் சுரண்டினால் நூல் மாதிரி சுருண்டு வரும். கர்சரின் நகர்வை அளப்பதே அந்த உருளைகள்தான், அதனால் அவற்றில் ஏறிய அழுக்கு கணக்கையே கெடுத்துவிடும்.

1980லேயே ஸ்டீவ் கிர்ஷ், பந்துக்குப் பதில் ஒளியால் நகர்வை அறியும் ஆப்டிக்கல் மவுஸ் செய்தார், ஆனால் கட்டம் போட்ட தனிப் பலகை மேல்தான் அது ஓடும். 1999இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரருக்கு அது தேவைப்படவில்லை. கீழே உள்ள பரப்பை நொடிக்கு 1500 முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிட்டது. பந்து போனது, சுரண்டும் வேலையும் போனது.

அப்படியானால் பராமரிப்பில் மவுஸ்தானே மேல்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்றைய டிராக்பாலில் அழுக்கு சேரத்தான் செய்கிறது, ஆனால் சேரும் இடம் வேறு. நகர்வை அளப்பது ஒளி உணரி. உருண்டையைத் தாங்க மூன்று சின்ன மணிகள் மட்டும் இருக்கின்றன. பிசுக்கு சேர்வது அந்த மணிகளில். அது உருளலைக் கொஞ்சம் கனமாக்கும், பழைய மவுஸ் போல அளவை ஏமாற்றாது. பத்து நாளைக்கு ஒருமுறை அடித்துளை வழியே விரலால் தள்ளினால் உருண்டை வெளியே வந்துவிடும். அந்த மூன்று மணிகளைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவு, அரை நிமிட வேலை. துடைத்த கையோடு போட்டால் உருண்டை லேசாகப் பிடிக்கும். உள்ளங்கையில் ஒரு சுற்று உருட்டிவிட்டுப் போட்டால், தோலின் எண்ணெய் பட்டு வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஆப்டிக்கல் மவுஸில் இப்படி நாமே சரிசெய்துகொள்ள எதுவும் இல்லை. அடியில் உள்ள வழுக்குப் பட்டைகள் தேயும். நாளெல்லாம் இழுபடுவதால் வயர், மவுஸுக்குள் நுழையும் இடத்தில் அற்றுப்போகும். என் கடைசி மூன்று மவுஸில் இரண்டு அப்படித்தான் போயின. டிராக்பால் வைத்த இடத்திலேயே கிடப்பதால் வயருக்கு வேலையே இல்லை. மூன்றாவது மவுஸ் போனது, ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுந்ததால். அந்தக் கோளாறு டிராக்பாலுக்கும் வரலாம், உள்ளே இருப்பது அதே மாதிரி சுவிட்ச்தான்.

கையால் கோடு போட்டு வரைபவர்களுக்கு டிராக்பால் சரிவராது. வளைகோடு ஒன்றை ஒரே இழுப்பில் போட இன்னும் எனக்கு வரவில்லை, அதற்காகவே கணினியில் பேனாவால் வரையும் வரைபலகை வைத்திருக்கிறேன். விளையாட்டு ஆடுவதில்லை என்பதால் அதில் என் பேச்சை நம்பி வாங்க வேண்டாம். கட்டைவிரலில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள், மூன்று விரலால் உருட்டும் பெரிய உருண்டை வகையைப் பாருங்கள். கென்சிங்டனின் எக்ஸ்பர்ட் மவுஸில் (பெயர்தான் மவுஸ், டிராக்பால்தான் அது) உருண்டை 55 மி.மீ. கடையில் கொஞ்ச நேரம்தான் உருட்டிப் பார்த்தேன், நாள் முழுக்க அதில் வேலை செய்ததில்லை. இடக்கைக்காரர்களுக்கும் அந்த வகைதான் வசதி, ஏனென்றால் கட்டைவிரல் மாடல்கள் பெரும்பாலும் வலக்கைக்கே வருகின்றன.

கடைக்குப் போனால் முதலில் டிராக்பாலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் விரல் நுழையும் துளை இருந்து, தள்ளியதும் உருண்டை வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.