‘சைலஸ் மார்னர்’: பல முறை பார்த்தபின் நிற்பதும் நழுவுவதும்

ஜார்ஜ் எலியட்டின் 1861 நாவலை 1985இல் பிபிசி படமாக்கியது. இயக்கம் ஜைல்ஸ் ஃபாஸ்டர். சைலஸாகப் பென் கிங்ஸ்லி. தொடரல்ல, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் ஒற்றைப் படம். பழைய 4:3 சட்டகம் என்பதால் அகலத்திரை டிவி இழுத்து நிரப்பினால் முகங்கள் சப்பையாகிவிடும். ரிமோட்டில் 4:3 வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கிராமத்தார் பேசுவது வட்டார வழக்கு. வசன எழுத்து இருந்தால் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் தடவை பார்க்கையில் கதைமுடிச்சு இழுத்துப் போய்விடும். செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்து ஊரைவிட்டு வந்த நெசவாளி, பதினைந்து ஆண்டு நெய்து சேர்த்த 272 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸைப் பறிகொடுக்கிறான். புத்தாண்டுக்கு முந்தைய இரவு, தாய் பனியில் அபின் மயக்கத்தில் சரிய, அவள் குழந்தை தத்தித் தத்தி அவன் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கணப்பருகே கிடக்கும் பொன்னிறச் சுருள்முடி, தொலைந்த தங்கமாகவே அவன் கண்ணுக்குப் படுகிறது. குழந்தை நுழைந்தது அவனுக்கு ஏன் தெரியவில்லை? கதவைத் திறந்தபடியே உடல் விறைத்து நினைவு தப்பி நிற்கிறான். இது வசதிக்கு வந்த தற்செயல் அல்ல. முன்பு பழி அவன்மேல் விழ இடம் கொடுத்ததும் இதே நோய்தான். இதைத் தவறவிட்டால் பாதிக் கதை ஒட்டாது.

மறுபடி மறுபடி பார்த்தாலும் கிங்ஸ்லி அலுக்கவில்லை. அலுப்பு தருவது அவசரம். குழந்தை வந்த பிறகு பதினாறு ஆண்டுகள் தாண்டியாக வேண்டும். தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் அன்றாடப் பாட்டுக்குத் திரையில் நேரம் போதவில்லை. நாவலின் 14ஆம் அத்தியாயம் முழுக்க அந்தப் பாடுதான். தறியில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் எப்பி என்று பெயரிட்ட அந்தக் குழந்தையின் இடுப்பில் அகலமான லினன் பட்டையைக் கட்டித் தறியோடு பிணைக்கிறான். புதுப் பாவு ஏற்றுகிற நாளில் கவனமெல்லாம் தறியில். கத்தரிக்கோல் கை எட்டும் இடத்தில் கிடக்கிறது. அதன் ‘கிளிக்’ சத்தத்தில் முன்பே மயங்கியிருந்த குழந்தை பட்டையை அறுத்துக்கொண்டு குட்டைக்கரைக்குப் போய், தன் பூட்ஸால் நீர் மொண்டு குளம்புத் தடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெண் டாலி சொல்லிக்கொடுத்த தண்டனை, கரி வைக்கும் பொந்தில் அடைப்பது. அடைக்கிறான், அழுகை கேட்டதும் திறக்கிறான், குளிப்பாட்டி உடை மாற்றுகிறான். திரும்பிப் பார்த்தால் அவளே மறுபடி பொந்துக்குள் உட்கார்ந்திருக்கிறாள், முகமெல்லாம் கரி! அத்தோடு தண்டனைக்கு முழுக்கு. அடித்துத் திருத்துவதா கொஞ்சிக் கெடுப்பதா என்று உரை ஆற்றாமல் எலியட் எழுதிய பக்கங்கள் இவை.

அதனால் பார்க்கும் முறையை மாற்றிக்கொள்வது உத்தமம். கதை பதினாறு ஆண்டு தாவும் இடத்தில் படத்தை நிறுத்தி, அந்த ஓர் அத்தியாயத்தை வாசித்துவிட்டுத் தொடர வேண்டும். காரணம் பிற்பகுதியில் இருக்கிறது. பெற்ற தகப்பன் காட்ஃபிரே (பேட்ரிக் ரைகார்ட்), மனைவி நான்சியோடு (ஜென்னி அகட்டர்) வந்து மகளை உரிமை கேட்கிறான். செல்வ வீட்டை எப்பி மறுப்பது, வாசிக்காதவருக்கு வெறும் நல்ல பெண்ணின் நன்றியாகத்தான் தெரியும். லினன் பட்டையும் கரிப்பொந்தும் மனதில் இருந்தால், காட்ஃபிரே கேட்பது எதை என்று அவனைவிட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.