‘நூறாண்டு தாங்கும்’ என்று விற்கப்படும் வெற்று டிவிடிகள்: வாங்குவோர் கவனத்துக்கு

சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு மொத்த விற்பனைக் கடையில், ஆவணக் காப்புக்கென்றே தயாரிக்கப்பட்டவை, நூறாண்டு தாங்கும் என்று சொல்லி எங்கள் ஊர் நூலகக் குழுவுக்கு விற்கப்பட்ட வெற்று டிவிடிகளைப் பற்றியது இப்பதிவு. பழைய கேசட்டுகளில் இருந்த நாதஸ்வரக் கச்சேரிகளையும் திருவிழாப் புகைப்படங்களையும் கணினிக்கு மாற்றி, சாதாரண டிவிடியைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய இவற்றில் எழுதி வைத்தோம். எழுதிய அன்று ஒவ்வொன்றும் சரிபார்ப்பில் பிழையின்றித் தேறியது. மூன்றாம் ஆண்டில் எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் கடைசியாக எழுதப்பட்ட கோப்புகள் திறக்கவில்லை.

கடைசிக் கோப்புகள் முதலில் போனதற்குக் காரணம் இருக்கிறது. டிவிடி என்பது தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. பதிவை ஏற்கும் கரிமச் சாயப் படலமும் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் அவ்விரண்டுக்கும் இடையில் உள்ளன. ஓரத்தில் ஒட்டு சரியாக மூடவில்லை என்றால் காற்றின் ஈரம் அங்கிருந்துதான் உள்ளே நுழையும். பதிவோ உட்புறம் தொடங்கி வெளி ஓரத்தை நோக்கிச் செல்வதால், இறுதியில் எழுதியதே முதலில் அழிகிறது. எங்களுடையவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிறிய திட்டுகள் கண்ணுக்கே தெரிந்தன.

கடைக்காரர் முதலில் எங்கள் டிரைவில்தான் கோளாறு என்றார். வேறு டிரைவ்களிலும் அதே நிலை என்று காட்டியதும், டப்பாவைப் பிரித்த பிறகு எதையும் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துக்கொண்டார். பில்லில் ‘டிவிடி’ என்பதைத் தவிர நிறுவனப் பெயரோ தொகுதி எண்ணோ இல்லாததால், அவர் விற்றது இன்னதுதான் என்று நிறுவுவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

உண்மை பிறகுதான் வெளிப்பட்டது. வெற்று டிவிடி ஒவ்வொன்றிலும் உற்பத்தியாளரைக் குறிக்கும் குறியீடு ஒன்று பதிந்திருக்கும். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிவிடும். எங்களுடையவை ‘டி.ஒய்.ஜி.02’ என்று காட்டின. அது ஜப்பானின் தாயோ யூடென் நிறுவனத்தின் 8 மடங்கு வேக டிவிடிக்குரிய குறியீடு. போலித் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகத் திருடிவந்த குறியீடும் அதுவே. டப்பாவிலோ 16 மடங்கு வேகம், ஜப்பானில் தயாரித்தது, ஆண்டு 2019 என்று அச்சிட்டிருந்தார்கள். தாயோ யூடென் 2015ஆம் ஆண்டின் இறுதியிலேயே இத்தொழிலை விட்டு விலகிவிட்டது. அதன் தொழில்நுட்பம் தைவானின் சிஎம்சி நிறுவனத்திடம் சென்றது. ஆகவே குறியீடும் பொய், அட்டையும் பொய். மேற்பரப்பில் பூசியிருந்த தங்க நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அச்சு மை தங்க நிறத்தில் இருப்பதற்கும் உள்ளே ஒளியைத் திருப்பும் படலம் தங்கத்தால் ஆனதாக இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த ஏமாற்று இவ்வளவு எளிதாக நடப்பதற்கு, எழுதி முடித்ததும் நாம் செய்யும் சரிபார்ப்பின் மீது வைக்கும் நம்பிக்கையே உதவுகிறது. டிவிடியில் பிழைதிருத்தத் தரவும் சேர்த்தே எழுதப்படுவதால், மட்டமான பதிவில் மலிந்திருக்கும் பிழைகளை டிரைவ் தானே திருத்திக்கொண்டு கோப்பை முழுமையாகத் தந்துவிடும். திருத்தும் எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதைச் சரிபார்ப்பு சொல்லாது. அதைச் சொல்வது பிழை அளவீடு. தரநிலைப்படி, பிழைதிருத்தத்துக்காகத் தரவைப் பிரித்து எழுதும் கட்டங்களில் அடுத்தடுத்த எட்டில், ‘பிஐ’ (PI) எனப்படும் முதற்கட்டத் திருத்தத்தில் தென்படும் பிழை 280ஐத் தாண்டக் கூடாது. நல்ல டிவிடி புதிதாக எழுதப்பட்டபோது இதற்கு வெகு கீழே நிற்கும். எல்லா டிரைவ்களும் இந்த அளவீட்டைத் தருவதில்லை என்பதால், தருகிற டிரைவாகப் பார்த்து வாங்குவது அவசியம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தராததையும், பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. மூன்றாம் ஆண்டில் வெளிப்படும் குறைக்கு அந்த 30 நாள் எப்படி உதவும்? எனவே வாங்கிய வாரத்திலேயே அளவீட்டை முடித்துவிட வேண்டும். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

நீண்டகாலச் சேமிப்புக்கு இனி டிவிடியையே நாடத் தேவையில்லை என்பது என் கருத்து. கரிமச் சாயத்தைப் பயன்படுத்தாத புளூரே வகை வெப்பத்தையும் ஒளியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ‘எல்டிஎச்’ (LTH) என்று குறிக்கப்பட்ட புளூரேயில் இருப்பது அதே கரிமச் சாயம்தான். விலை குறைவென்று சொல்லிக் கடைக்காரர்கள் அதை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பானசோனிக் 2023லும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதத்தக்க புளூரே உற்பத்தியை நிறுத்திவிட்டன. ஆகையால் அப்பெயர்களில் ‘புதிய சரக்கு’ என்று வருவதை இனிச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் குழு இப்போது எந்தக் கடையிலும் முதலில் ஒரு சிறு பொதியை மட்டும் வாங்குகிறது. நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும் பில்லில் எழுதித் தந்தால்தான் பணம்; குறியீடும் அட்டையும் ஒத்துப்போய், பிழை அளவீடும் சரியாக இருந்தால் மட்டுமே அதே தொகுதியில் மீதியை வாங்குகிறோம்.